ஹடகு, படகு, தோணி

அந்தப் பெண்ணின் கையில் எங்கள் பத்திரிகை நான்காக மடிக்கப்பட்டிருந்தது. மடிப்புக்கு மேலே மூன்றாம் பக்கத்துச் செய்தி ஒன்று தெரிந்தது. முந்தின நாள் மாலை அதை எழுதிக் கொடுத்தவள் நான்.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். பெங்களூரில் எங்கள் தமிழ்ப் பத்திரிகை அலுவலக வரவேற்பறையில் நின்றிருந்தார். முப்பது வயதுக்குள்தான். நீல நிற மேலங்கி. ஹெப்பகோடிப் பக்கத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பெண்கள் புடவைக்கு மேல் போட்டுக்கொள்வது. தோளிலும் கையிலும் வெள்ளை நூல் பிசிறு ஒட்டியிருந்தது. பாதி ஷிஃப்டில் கிளம்பி வந்திருக்கிறார்.

"கடக்கரையப் பத்தி எழுதுதவுக நீங்கதானா?"

ஆமாம் என்றேன்.

"எம் பேரு சகாயமேரி. தூத்துக்குடிப் பக்கம். வீட்டுக்காரவுக மால்பேல மீன்பிடிக்கிற போட்டுல போறாவ." பத்திரிகையை நீட்டினார். "படகுல உள்ளவங்க எல்லாரும் தப்பிச்சிட்டாவன்னு போட்டிருக்கிய. கார்வார்ல எங்கன வச்சிருக்காவன்னு மட்டும் தெரிஞ்சா, சாயந்திரம் பஸ் ஏறிருவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

மூன்றாம் பக்கத்துச் செய்தி

செய்தி ஐந்தே வரி. ஹொன்னாவர் அருகே கடலில் படகு ஒன்று தோணி மீது மோதியது. தோணி மூழ்கியது. படகில் இருந்த அனைவரும் பத்திரமாகக் கார்வார் துறைமுகத்தில் உள்ளனர். தோணியில் இருந்த ஏழு பேரைக் காணவில்லை. அவர்களில் சிலர் தமிழ்நாட்டைச் சேர்ந்த தொழிலாளர்கள் என்று தெரிகிறது.

இதைத் தொலைபேசியில் சொன்னவர் நாயக். கடலோரத்தில் எங்களுக்கென்று தனி நிருபர் கிடையாது. ஹொன்னாவரில் இருந்த நாயக் நாலைந்து பத்திரிகைகளுக்குச் செய்தி சொல்வார். எல்லாருக்கும் கன்னடத்தில்தான். கேட்டு எழுதித் தமிழாக்க வேண்டியது என் வேலை.

அந்த மாலை அங்கே மழை. லைனில் இரைச்சல். ஒவ்வொரு சொல்லையும் அவர் இரண்டு முறை சொன்னார். நான் ஒரு முறை எழுதினேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டொரு வருடங்கள் ஆகியிருந்த சமயம். செல்போன் படகு முதலாளிகள் கையில் மட்டும்தான் இருந்தது. மழைக்காலத் தடை முடிந்து மேற்குக் கடலில் விசைப்படகுகள் இறங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. கிழக்குக் கரையிலிருந்து ஆட்கள் வேலைக்குப் போய்ச் சேரும் பருவம் அது. உடுப்பிக்குப் பக்கத்தில் இருக்கும் மால்பே துறைமுகத்துக்குத் தூத்துக்குடியிலிருந்தும் குமரியிலிருந்தும் நிறையப் பேர் வருவார்கள். கிளம்பினால் பத்து நாள் கடலில். அதுவரை வீட்டுக்கு ஒரு தகவலும் இருக்காது.

சகாயமேரியின் கணவர் வில்சன் கிளம்பி ஆறு நாள் ஆகியிருந்தது.

ப போய் ஹ வந்தால்

நான் பெங்களூர் ஜீவனஹள்ளியில் வளர்ந்தவள் என்று இந்த நினைவுத் தொடரில் ஏற்கனவே எழுதியிருக்கிறேன். எங்கள் தெருவில் தமிழ் வீடும் கன்னட வீடும் மாறி மாறி இருக்கும். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. ஒருவர் தமிழில் ஒரு சொல் சொல்ல, மற்றவர் முதல் எழுத்தான ப-வை ஹ ஆக்கிக் கன்னடமாக்க வேண்டும். பால், ஹாலு. பல், ஹல்லு. புலி, ஹுலி. பன்றி, ஹந்தி. பத்து, ஹத்து. பாம்பு, ஹாவு.

விளையாட்டு பின்னால் வேறு மாதிரி உதவியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நதிநீர்த் தகராறில் ஊர் கொதித்த நாட்களில், எங்கள் பத்திரிகையின் பெயர்ப் பலகையைச் சாக்குத் துணி போட்டு மூடியிருந்தோம். ஒருநாள் பஸ்ஸில் இரண்டு பேர் ஏறி, நின்றவர்களிடம் வரிசையாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். என்னிடம் மணி கேட்டார்கள். "ஹத்தூவரெ" என்றேன். பத்தரை. என்னைத் தாண்டிப் போனார்கள். எனக்கு அடுத்து நின்றிருந்த தருமபுரிக்காரர் வாயைத் திறக்கவே இல்லை. கைக்கடிகாரத்தை மட்டும் திருப்பிக் காட்டினார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஓடாமல், ஓடுவதுபோல நடந்தார்.

அதற்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த சக ஊழியர்களுக்கெல்லாம் நானே அந்த ப, ஹ கணக்கைச் சொல்லிக் கொடுத்தேன். கேட்டதும் புரிந்துவிடும் என்பதால் அவர்களுக்குப் பிடிக்கும். எனக்கும் கொஞ்சம் கர்வம் இருந்தது.

நாயக் "ஹடகு" என்றபோது என் கை யோசிக்கவில்லை. ஹ போய் ப வந்தது. படகு என்று எழுதினேன். "தோணி" என்றார். அது தமிழிலும் தோணிதான். அப்படியே விட்டேன்.

ஸ்கேல் வைத்து வரைந்த கரை

சகாயமேரி என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் அந்தச் செய்தி மட்டுமல்ல. ஞாயிறு மலரில் நான் ஆறு மாதமாகக் கர்நாடகத்தைப் பற்றி அரைப்பக்கத் தொடர் எழுதிக்கொண்டிருந்தேன். நிலம், வரலாறு, பண்பாடு. இங்கே இருந்து சம்பாதிக்கிற தமிழர்கள் இந்த மாநிலத்தைத் தெரிந்துகொள்ளட்டும் என்பது எங்கள் தலைமைத் துணையாசிரியர் தனபாலின் யோசனை.

கடலோரத்துக்கு நான்கு வாரம் ஒதுக்கினேன். மலைக்கும் கடலுக்கும் நடுவில் நாடா மாதிரி நீளும் செம்மண் நிலம். மலையில் பிறந்து கொஞ்ச தூரமே ஓடி மேற்கே விழுந்துவிடும் ஆறுகள். பட்கலிலும் ஹொன்னாவரிலும் அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய காலம், அங்கிருந்து மிளகு போன காலம். மங்களூர் ஓடு. அறுவடைக்குப் பிறகு விடிய விடிய ஆடும் யக்ஷகானம். எல்லாம் நூலகத்து ஆங்கிலப் புத்தகங்களிலிருந்து எடுத்தது. குதிரைகள் வந்த கப்பல்களைக் கப்பல் என்றே எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் அதற்குக் குழப்பம் இல்லை.

நான் அந்தக் கரையைப் பார்த்ததில்லை. மலை மேல் இருக்கும் சக்லேஷ்பூரைத் தாண்டிப் போனதே கிடையாது.

சகாயமேரி பிளாஸ்டிக் பையிலிருந்து அந்த அரைப்பக்கத்தை எடுத்தார். ஓரம் கிழியாமல் வெட்டி வைத்திருந்தார். கார்வாரிலிருந்து மங்களூர் வரை எங்கள் ஓவியர் போட்ட வரைபடம் அதில் இருந்தது.

"இத வச்சுத்தான் அவுக எங்கன இருப்பாவன்னு பாத்துக்கிடுவேன்." வில்சன் கடைசியாக எந்த ஊரிலிருந்து பேசினார், எந்தப் பக்கம் போவதாகச் சொன்னார் என்று பால்பாயிண்ட் பேனாவால் புள்ளி வைத்திருந்தார். "ஆனா ஒண்ணுக்கா. கரைய ஸ்கேல் வச்சு இழுத்திருக்கிய. ஆறு சேருத எடத்துல மணல் தள்ளிக்கிட்டு வந்து நிக்கும்லா. இப்படி நேரா எந்த ஊர்லயும் கரை கெடையாது."

உண்மைதான். ஓவியர் ஸ்கேல் வைத்துத்தான் வரைந்தார்.

பத்துப் பேர் ஏறும் தோணி

"மொதலாளி நம்பருக்கு அடிச்சேன். மணி போகுது, எடுக்க ஆளில்ல. எல்லாரும் தொறமுகத்துல கெடப்பாவ. அதான் எழுதுனவுகளையே கேட்டுருவோம்னு வந்தேன்" என்றார் சகாயமேரி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "தோணிக்காரங்கதான் பாவம். நம்ம ஊரு தோணியாத்தான் இருக்கும். தமிழ்நாட்டு ஆளுன்னு போட்டிருக்கியல்லா."

"உங்க ஊர்ல தோணி உண்டா?"

என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "தூத்துக்குடியில தோணி இல்லாமலா? மாலத்தீவுக்கு உப்பு, வெங்காயம், கல்லு, மரம் எல்லாம் ஏத்திட்டுப் போகும். பத்துப் பன்னெண்டு பேரு ஏறுவாவ. ஒரு தெருவே அவுக தெருதான்."

"அவ்வளவு பெரிசா?"

"பெருசுதான். அதான்க்கா எனக்கே ஒரு சந்தேகம். போட்டு மோதித் தோணி முங்குமா? போட்டுதான செதறிப் போவும். பழைய தோணியா இருக்கும், பலகை உளுத்துப் போயிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் எழுந்தேன். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். நடந்ததாக ஞாபகம். ஓடியிருக்கலாம்.

என் மேசையில் முந்தின நாள் குறிப்பேடு இருந்தது. கன்னடத்தில் கேட்டால் கன்னட எழுத்திலேயே குறித்துக்கொள்வது என் பழக்கம். ஹடகு. தோணி. இரண்டும் தெளிவாக இருந்தன. கையெழுத்தில் ஒரு குழப்பமும் இல்லை.

ரத்னம்மா எங்கள் தொலைபேசி ஆபரேட்டர். மண்டியாக்காரர், கன்னடம் மட்டும்தான். ஹடகு என்றால் என்ன என்று அவரிடம் கேட்டேன். இது என்ன கேள்வி என்பதுபோல் ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டு, இரண்டு கையையும் விரித்தார். போதவில்லை என்று தோன்றியதோ என்னவோ, நாற்காலியிலிருந்து எழுந்து மறுபடி விரித்தார். "நம்ம ஆபீஸிகிந்த தொட்டது" என்றார். நம் ஆபீஸைவிடப் பெரியது.

அவரும் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் சொல் அவருடையது.

செய்தி இப்போது தலைகீழாக நின்றது. ஒரு கப்பல் ஒரு மீன்பிடிப் படகின் மீது மோதியிருக்கிறது. கப்பல்காரர்கள் கார்வாரில் பத்திரமாக இருக்கிறார்கள். காணாமல் போன ஏழு பேரும் மீன்பிடிக்கப் போனவர்கள்.

பெங்களூரில் எந்தத் தமிழர் படித்திருந்தாலும், ஏதோ இரண்டு படகு மோதிக்கொண்டது என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பியிருப்பார். படகு சிறிது, தோணி பெரிது என்று பிறந்ததிலிருந்து தெரிந்த ஒருத்தி மட்டும்தான் அதைச் சொல்லுக்குச் சொல் நம்ப முடியும். அவர் வரவேற்பறையில் நின்றிருந்தார்.

தனபாலின் விதி

தனபால் பக்க வடிவமைப்புத் தாளில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், ஹடகுன்னா இன்னா?"

"படகு."

"கப்பல் சார்."

பென்சிலைக் கீழே வைத்தார். அவரும் காக்ஸ் டவுன் பக்கத்தில் பிறந்தவர். அதே விளையாட்டை விளையாடியவர். நான் முழுவதையும் சொன்னேன். வெளியே ஒரு பெண் இருப்பதையும், சாயந்திரம் கார்வார் பஸ் ஏறப் போவதையும் சொன்னேன்.

"அந்தம்மா ஊட்டுக்காரரு அந்தப் படகுதான்னு தெரியுமா?"

"தெரியாது. பேரு வரலை. மால்பேலருந்து நூத்துக்கணக்குல படகு போகுது."

"அப்ப வாயைத் தொறக்காதே. ஒரு தப்பு போட்டாச்சு. அதுமேல இன்னொண்ண ஏத்தாதே. நாயக்கைப் பிடி. பேரு கன்ஃபர்ம் ஆகட்டும். நாளைக்குத் திருத்தம் போட்டுக்கலாம்."

"கார்வார் போயிட்டாங்கன்னா? மால்பே அங்கேருந்து ஒரு பகல் தூரம் சார்."

"அதுக்குள்ள நாயக் கெடைப்பாரு. பேஜார் பண்ணிக்காதே."

அவர் சொன்னது தொழில் முறையில் சரி. உறுதி செய்யாமல் எதையும் சொல்லக் கூடாது என்று எனக்கு இருபது வருடம் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. முந்தின நாள் மாலை அந்த விதி எனக்கு ஞாபகம் வரவில்லை என்பதுதான் விஷயம்.

நாயக் வீட்டுக்கு ரத்னம்மா போன் போட்டுக் கொடுத்தார். அவர் மனைவி எடுத்தார். காலையிலேயே கரைக்குப் போனவர் திரும்பவில்லை. வந்ததும் பேசச் சொல்கிறேன் என்றார்.

சித்ரான்னம்

சகாயமேரியிடம் வந்து, கார்வார் விவரம் தெரிய நிருபரைக் கூப்பிட்டிருக்கிறேன், கொஞ்சம் காத்திருங்கள் என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

கேன்டீனில் சித்ரான்னம் வாங்கிக் கொடுத்தேன். மறுக்காமல் சாப்பிட்டார். எலுமிச்சை வாசனையும் வேர்க்கடலையுமாக, வாழையிலைத் துண்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல்.

"நேத்து மத்தியானத்திலேருந்து வயித்துல ஒண்ணும் எறங்கல" என்றார். "ஊர்லருந்து போன் வந்துது, அங்கன கடல்ல என்னமோ மோதிட்டாம்னு. எங்க தெருவுலருந்து மட்டும் அஞ்சு பேரு மால்பேல. எங்க வீட்டுக்காரவுக ஒரு போட்டு, எம் பெரியப்பா மகன் சூசை அண்ணன் வேற போட்டு. யாரு என்னன்னு தெரியாம கெடந்தோம். காலையில டீக்கடையில உங்க பேப்பரப் பாத்த பெறகுதான் பசின்னே ஒண்ணு தெரிஞ்சுது."

"ஊருக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லாம? ஏழு மணிக்கே பூத்துல போயி அடிச்சிட்டேன். செலின் மதினிதான் எடுத்தாவ, சூசை அண்ணன் பொண்டாட்டி. அழுதுக்கிட்டேதான் எடுத்தாவ. போட்டுல உள்ளவங்க ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல, பேப்பர்லயே போட்டாச்சுன்னேன். அந்தானிக்கு மாதா கெபிக்கு ஓடிட்டாவ, மெழுகுதிரி கொளுத்த." இலையை மடித்தார். "தோணித் தெருவுக்கும் ஆள் விடுங்க, அங்கன யாரு வீட்டுலயோ எழவு விழுந்திருக்குன்னும் சொன்னேன்."

கழுவிய கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டார். நான் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய ஐந்து வரி இந்நேரம் இரண்டு தெருக்களுக்குப் போயிருக்கிறது. ஒன்றில் மெழுகுதிரி எரிகிறது. மற்றொன்றில் காரணமில்லாமல் அழுகிறார்கள். இரண்டையும் கொண்டுபோய்ச் சேர்த்தவர் எதிரே உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருக்கிறார்.

இரண்டு மணிக்கு மறுபடி ஹொன்னாவர். நாயக் வரவில்லை. இரண்டரைக்கு லைனே கிடைக்கவில்லை. ரத்னம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்.

மூன்று மணிக்குச் சகாயமேரி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு போயிருதேன்க்கா. அங்கன போயிக் கேட்டுக்கிடலாம். தொறமுகம்னா ஆரும் வழி சொல்லுவாவ."

தனபால் உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தார். அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"கார்வார் போகாதீங்க" என்றேன்.

"ஏன்?"

"கார்வார்ல இருக்கறவங்க படகுக்காரங்க இல்ல. கப்பல்காரங்க. கன்னடத்துல வந்த செய்தி. கப்பல்னு சொன்னதை நான் படகுன்னு எழுதிட்டேன். அவங்க தோணின்னு சொன்னது மீன்பிடிப் படகை."

ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவையே அவருக்குப் புரிந்துவிட்டது என்று இரண்டாவது தடவை சொல்லும்போது தெரிந்தது.

நின்றபடியே பத்திரிகையைப் பிரித்தார். ஐந்து வரியையும் விரலால் தடவிக்கொண்டு வாசித்தார். உதடு அசைந்தது. படகு என்ற இடத்தில் ஒரு தடவை விரல் நின்றது. தோணியில் இன்னொரு தடவை.

"அப்ப முங்குனது போட்டு."

"ஆமா."

"எந்தப் போட்டு?"

"தெரியல. அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

"எப்பத் தெரியும் உங்களுக்கு, மாத்தி எழுதுனது?"

"நீங்க வந்து கொஞ்ச நேரத்துல."

அவர் வாழையிலை கிடந்த கேன்டீன் பக்கம் பார்த்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு, வந்ததிலிருந்து உட்கார மறுத்த வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஏழு பெயர்

மூன்றே முக்காலுக்கு ரத்னம்மா கையைத் தட்டினார். என் மேசைக்கு மாற்றச் சொல்லாமல், ஆபரேட்டர் பலகையிலேயே வாங்கிக்கொண்டேன். சகாயமேரி பக்கத்தில் வந்து நின்றார்.

நாயக் இரைத்துக்கொண்டிருந்தார். எடுத்த எடுப்பில் நான் கேட்டது அந்தச் சொல்லைத்தான்.

"ஹடகு அந்த்ரெ தொட்டது மேடம். மீன் ஹிடியோது தோணி. நிமகெ கொத்தில்வா?" ஹடகு என்றால் பெரியது, மீன் பிடிப்பது தோணி, உங்களுக்குத் தெரியாதா என்கிறார். கேலி இல்லை. நிஜமான சந்தேகம்.

"படகு... தோணி ஹெசரு?" என்று அதன் பெயரைக் கேட்டேன்.

"ஜலதுர்கா."

ரிசீவரைக் கையால் மூடினேன். "உங்க வீட்டுக்காரர் போட்டு பேரு என்ன?"

"மத்ஸ்யராஜ்" என்றார் சகாயமேரி. சொல்லிவிட்டு, பதிலுக்காக என் வாயைப் பார்த்தார்.

"இது அது இல்ல. இது ஜலதுர்கா."

அவர் கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவுதான். நான் எதிர்பார்த்தது அதுவல்ல. "ஆளு பேரு கேளுங்க" என்றார். "ஏழு பேரு பேரும்."

கேட்டேன். இந்த முறை ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொல்ல வைத்தேன். நாயக் பொறுமையிழந்தார். இருந்தும் சொன்னார். மூன்று பேர் அந்தக் கரைக்காரர்கள். நான்கு பேர் தமிழ்நாடு. பழக்க தோஷத்தில் எல்லாவற்றையும் கன்னட எழுத்தில் எழுதினேன். சகாயமேரிக்கு அது வாசிக்கத் தெரியாது. என் பேனா போகும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரிசீவரை வைத்தேன். தாளில் ஐந்தாவது பெயர் எனக்குத் தெரிந்த பெயர். மூன்று மணி நேரத்துக்கு முன்னால் தெரியவந்தது.

வரிசையாகத்தான் வாசித்தேன். வேறு வழி தெரியவில்லை. ஐந்தாவதற்கு வந்தபோது குரலை மாற்றாமல் வாசிக்க முயன்றேன். "சூசை. தூத்துக்குடி."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன்.

"அப்பா பேரு போட்டிருக்கா?"

"மிக்கேல்."

தலையாட்டினார். பிறகு மிச்சம் இரண்டு பெயரையும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை இரண்டு பேரை இன்னொரு படகு மீட்டது. ஒரு மரப்பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள். சூசை அவர்களில் இல்லை. எங்கள் திருத்தம் நான்காம் பக்கத்தில் இரண்டு வரியாக வந்தது. படகு என்பதைக் கப்பல் என்றும், தோணி என்பதை மீன்பிடிப் படகு என்றும் திருத்தி வாசிக்கவும். தனபால்தான் எழுதினார். நான் எழுதக் கேட்டேன், கொடுக்கவில்லை. வில்சன் பத்தாவது நாள் கரை சேர்ந்ததாகச் சகாயமேரி ஹெப்பகோடியிலிருந்து ஓர் அஞ்சலட்டை போட்டார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எனக்குத் தெரியாது.

கீழே பூத்தில்

ஆபீஸ் போனிலிருந்தே ஊருக்குப் பேசச் சொன்னேன். சகாயமேரி சுற்றிலும் பார்த்தார். ரத்னம்மா, வரவேற்பறையில் காத்திருந்த இரண்டு விளம்பரக்காரர்கள், கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நின்றிருந்த தனபால்.

"இங்கன வேண்டாம்."

கட்டடத்துக்குக் கீழேயே ஓர் எஸ்.டி.டி. பூத் இருந்தது. படியிறங்கும்போது நான் சொன்னேன், "நான் பேசறேன். நான் எழுதினது. என் பேரைச் சொல்லி நானே சொல்றேன்."

"நீங்க யாருக்கா மதினிக்கு?"

நான் படியிலேயே நின்றேன். அவர் இறங்கிக்கொண்டே சொன்னார்.

"காலையில நான் சொன்னேன். இப்பவும் நாந்தான் சொல்லணும்."

பூத்துக்குள் போனார். கதவு முழுதாக மூடாது. கீழே உள்ள கீல் தளர்ந்து ஒரு விரல் இடைவெளி நிற்கும். எண்ணை அழுத்தினார். ஊரில் யாரோ எடுத்தார்கள். செலின் மதினியைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, வருகிற வரை சுவரில் ஒட்டியிருந்த ஊர்க் குறியீட்டு எண்களின் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே பள்ளிக்கூடம் விட்ட நேரம். ஆட்டோ சத்தம். நான் பூத்துக் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மதினி, சகாயமேரி பேசுதேன். உக்காந்துக்கிடுங்க மதினி... இல்ல, மொதல்ல உக்காருங்க. பக்கத்துல ஆரு இருக்காவ?"

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்துப் பேச்சைக் கேட்டார்.

"காலையில சொன்னது தப்பாப் போச்சு மதினி. முங்குனது நம்ம போட்டுதான். ஜலதுர்கா... ஆமா, அண்ணன் போட்டு... தேடிக்கிட்டு இருக்காவ மதினி. இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காவ."

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேள்வி வந்தது. நீளமான கேள்வி. ரிசீவருக்கு வெளியேயும் அந்தக் குரல் லேசாகக் கேட்டது, சொல் பிரியாமல். சகாயமேரி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"இல்ல மதினி" என்றார். "பேப்பர்ல சரியாத்தான் போட்டிருக்காவ. நாந்தான் தப்பா வாசிச்சிட்டேன்."

கைப்பிடி என் கையில்தான் இருந்தது. நான் கதவைத் திறக்கவில்லை.